வினைப்பட்டியல்

'புரிந்துகொள்வார்' என்பதை முதலில் அடித்தோம்.
புரிந்ததை எந்தத் தராசில் நிறுப்பது
என்று கேட்டார் லிலோங்வேயிலிருந்து வந்த கவுன்சில் அதிகாரி.
நியாயம்தான்.
'அறிவார்' போயிற்று. 'உணர்வார்' போயிற்று.
'பரிவு கொள்வார்' மட்டும்
தேநீர் வரும்வரை தாக்குப்பிடித்தது.

மலாவியின் வடக்கே, முசூசுவில், மூன்றாம் நாளாக மழை.
நர்சிங் கல்லூரிக் கூட்ட அறையில்
தகரக் கூரை பாதி பேசியது, மீதியை நாங்கள்.
நான்கு வருடப் பட்டப்படிப்பின் முடிவில்
ஒரு மாணவிக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்?
வரிக்கு ஒரு வினைச்சொல்.
கண்ணுக்குத் தெரிய வேண்டும்,
மதிப்பெண்ணுக்கு அடங்க வேண்டும்.

அளப்பார். கணக்கிடுவார். கலப்பார். செலுத்துவார்.
மேசை நடுவே அங்கீகரிக்கப்பட்ட வினைகளின் பட்டியல்,
ஓரத்தில் வேர்க்கடலை எண்ணெய்க் கறை.
நான் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன்,
வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு
முன்னால் நிற்கும் அத்தனை சொற்களையும்
வேலை வாங்கும் சொற்களை.

லுசுங்கு கோண்ட்வே அதுவரை வாய் திறக்கவில்லை.
குழந்தைகள் வார்டு சிஸ்டர்;
இரவு டியூட்டி முடித்து நேரே வந்தவர்.
"'செலுத்துவார்' இருக்கிறது," என்றார். "'நிறுத்துவார்' எங்கே?"

அதிகாரி விரல் வைத்துத் தேடினார்,
மேலிருந்து கீழே. பிறகு கீழிருந்து மேலே.

"போன மாதம். கரண்ட் இல்லை.
ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள்.
மருந்துத் தட்டைத் தவோங்காவிடம் கொடுத்தேன்,
உங்கள் மூன்றாம் ஆண்டுப் பெண்.
பென்சிலின் கலக்கத் தண்ணீரை ஊசியில் இழுத்தவள்
அப்படியே நின்றுவிட்டாள்.
சிஸ்டர், ஆம்பூலில் எழுத்து தெரியவில்லை,
நான் போட மாட்டேன் என்றாள்.
வரிசையில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள்.
கத்தினேன்.
அவள் அசையவில்லை. ஃபோன் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.
பொட்டாசியம்.
தட்டில் எடுத்து வைத்தது நான்."

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

அதிகாரி கேட்டார், கேலியாக அல்ல:
"செய்யாமல் விட்டதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?"
"தேர்வில் நாமே தவறான ஆம்பூலை வைப்போம்," என்றார் வெசி ம்கண்டவிரே.
"அது பொறி."
"வார்டில் மட்டும் அதை யார் வைக்கிறார்கள் என்று நினைத்தீர்கள்?"
"சரி, தட்டில் எல்லாம் சரியாக இருந்தும் ஒருத்தி நிறுத்தினால்?"
"அதற்கும் மதிப்பெண்," என்றார் லுசுங்கு.
"அதற்குத்தான் முதலில்."

நான்கு புள்ளி ஏழு என்று அடித்தேன்.
சந்தேகம் எழும் இடத்தில்,
ஏவியவர் எவரானாலும்,
கையை நிறுத்துவார்; நிறுத்தியதை உரக்கச் சொல்வார்.
இரண்டு முறை எழுத்துப் பிழை வந்தது.

கரோங்கா. நான் அப்போது இரண்டாம் ஆண்டு.
ஜன்னலோரக் கட்டில்.
எனக்கும் எழுத்து சரியாகத் தெரியவில்லை.
டாக்டரின் கார் வெளியே உறுமிக்கொண்டு நின்றது.
நோயாளியின் அட்டையில் என் கையெழுத்தில் இருப்பது
'செலுத்தப்பட்டது' என்ற ஒரே சொல்.
செயப்பாட்டு வினை.
செய்தவளின் பெயரை அது கேட்பதில்லை.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.
குறிப்பேட்டில் வெசி முன்மொழிந்தார்,
லுசுங்கு வழிமொழிந்தார் என்றிருக்கும்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் அதிகாரி கிளம்பும்போது.
"இது எந்த ஆண்டுக்கான விளைவு? முதலாமா, நான்காமா?
அந்தக் கட்டத்தில் ஓர் எண் வேண்டும்."
லுசுங்குவைப் பார்த்தோம்.
நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்,
ஒரு கால் செருப்புக்கு வெளியே.

கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்தேன்.
கவுன்சில் கேட்டுத் திருப்பி அனுப்பட்டும்.